அண்ணன் கம்பளத்தின் ஆறு துண்டுகள்

ஜூன் 6, வியாழன்

அமாவாசை. காலை முதல் சாரல். தென்காசியில் வெயிலும் தூறலும் மாறி மாறி. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம். பால்காரர் தகவல்.

இன்று செய்ய வேண்டியவை:
1. பி.பி. மாத்திரை. போட்டாயிற்று.
2. கண்ணாடிக் காலுக்கு ஸ்க்ரூ. இல்லை. நூல் கட்டி ஓட்டுகிறேன்.
3. கூடத்து ஒட்டடை. பாதி. கழுத்து வலி.

ஞாயிறு அன்று சிவகிரியிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். அண்ணனின் பேரனுக்கு நிச்சயம் பேச. பேரன் போலீசில் எஸ்.ஐ. அதனால் வீட்டில் எல்லாம் பளபளக்க வேண்டுமாம். நான் உட்பட. "நல்ல சட்டை போடு. அந்தக் கோடு போட்டது வேண்டாம், வார்டுபாய் மாதிரி இருக்கே" என்றார் அண்ணன்.

கம்பளத்தை மட்டும் அண்ணனே தட்டினார். எண்பத்திரண்டு வயதில் மண்டியிட்டு, மென்மையான தூரிகையால். வேறு யாரும் தொடக்கூடாது. ஆறடிக்கு நாலடி. சிவப்புத் தரை. நடுவில் ஒரு மரம், கிளைதோறும் வெள்ளைப் பறவைகள், நாலு ஓரமும் மாதுளம்பூ. கூடத்தில் அவர் நாற்காலிக்கு முன்னால் கிடக்கும். மிதிப்பதற்கு அல்ல. பார்ப்பதற்கு.

சாயங்காலம் மதினியை உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு ஒத்திகை. எனக்கு மனப்பாடம். ராணுவத்தில் காஷ்மீரில் இருந்தபோது ஆற்றில் வெள்ளம். ஒரு நெசவுக் கிழவர் தறியை விட்டு வர மறுத்தார். அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் போய் அவரை முதுகில் சுமந்து வந்தார். கிழவர் கதறவும், திரும்பப் போய்த் தறிக் கட்டையையும் அதில் பாதி நெய்து கிடந்த கம்பளத்தையும் இழுத்து வந்தார். கட்டை மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறு வருடம் கிழவர் அந்தக் கம்பளத்தை முடித்து, முகாமுக்கே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கிறேன். முப்பத்தெட்டு வருடமாக நம்பவில்லை. சொன்னதும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

சாரல் இல்லை. புழுக்கம்.

பழைய பெட்டியைத் திறந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். நெசவுப் பள்ளியில் டிசைன் ஆசிரியராக இருந்த காலத்துக் குறிப்புகள். கம்பளம் படிக்க என்னை ஒரு வருடம் வடக்கே அனுப்பினார்கள்; கட்டத்தாளில் பூ வரைவது, முடிச்சு எண்ணுவது, கையால் நெய்ததையும் மிஷினில் செய்ததையும் பிரித்தறிவது. திரும்பி வந்து தீபாவளிக்கு இந்த வீட்டுக்கு வந்தபோதுதான் அண்ணன் கம்பளத்தை முதலில் பார்த்தேன். அன்று இரவே எழுதியது, அப்படியே:

"அண்ணன் கம்பளம். தூரத்திலிருந்து பார்த்தது, தொட அனுமதி இல்லை. (1) குஞ்சம் தனி நாடாவில் தைக்கப்பட்டது. கைநெசவில் குஞ்சம் என்பது நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் நுனி, தைக்க மாட்டார்கள். (2) அடியில் கித்தான், ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. மிஷினில் போடுகிற பசையை மறைப்பதற்காக இருக்கும். (3) கீழ்ப்பாதியில் சிவப்புச் சாயம் வெள்ளையில் ஓடியிருக்கிறது. மலிவுச் சாயம். முடிவு: மிஷின். கடையில் வாங்கியது."

நல்ல கையெழுத்து அப்போது.

பின்பக்கம் பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்வேன். நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்று அடையாளம். மூன்றும் பொய் சொல்லுமா?

மாத்திரை போட்டாயிற்று.

ஜூன் 8, சனி

ஸ்க்ரூ கிடைத்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. "சுபேதார் அண்ணாச்சி தம்பிதானே" என்றார். எனக்கு எழுபத்தாறு. இன்னும் அதுதான் என் பெயர்.

என் மனைவி வடிவை நினைத்தேன். காரணம் இல்லாமல் அல்ல. கூடம் கழுவும்போது அந்த இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அவளுடைய கடைசி மார்கழி. மருந்து ஏற்றி ஏற்றி அவள் உள்ளங்கால் எப்போதும் ஜில்லென்று இருக்கும். குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் கம்பளத்தின் ஓரத்தில் நின்றாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அண்ணன் நாற்காலியிலிருந்து போட்ட சத்தத்தில் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சீக்காளிக் காலை எடு மொதல்ல."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் துண்டு வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவள், "கதகதன்னு இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக மட்டும் எழுதுகிறேன்.

கா. 10.20. பெண் வீட்டார் இரண்டு காரில். பதினோரு பேர். பேச்சு முழுக்கப் பெண்ணின் தாய்மாமன்தான். அரிசி ஆலைக்காரர். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு.

10.50. கேசரி, வடை, காபி. அண்ணன் கதையைத் தொடங்கினார். வெள்ளம், தறி, தோள்பட்டை. சட்டைப் பொத்தானைக் கழற்றி எலும்பு முடிச்சையும் காட்டினார். பெண்கள் ஐயோ என்றார்கள். தாய்மாமன், "கையில நெய்ததா வே? அப்பம் லட்சம் போகுமே" என்று கேட்டார்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் கதவோரம் தாம்பாளத்தோடு நின்றிருந்தேன்.

"ஏலே சின்னவனே, இங்கன வாலே. மாப்ளே, இவந்தான் நம்ம கம்பளி வாத்தி. முப்பது வருசம் பொம்பளைப் பிள்ளையளுக்குப் பூப்போடச் சொல்லிக் குடுத்தான். வேற ஒரு மண்ணும் தெரியாது. ரத்தத்தைப் பாத்தா விழுந்துருவான்."

சிரிப்பு.

"சிரிக்காதீய, இன்னும் கேளுங்க. பொண்டாட்டி செத்தன்னைக்கு இவனும் மயங்கி விழுந்துட்டான். தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பாக்கோம், முழிக்கலை. ரெண்டு பாடைக்குச் சொல்லிருவமான்னு வெட்டியான்கிட்ட கேட்டேன். ஒண்ணா எடுத்தா குறைச்சுக்குவான்லா!"

நல்ல சிரிப்பு. பெண்ணின் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுலே. ஒரு இஞ்சுக்கு எத்தனை முடிச்சு? கீழ உக்காந்து எண்ணிச் சொல்லு."

உட்கார்ந்தேன். கம்பளத்தின் மேல் கை வைத்தேன். முதல் தடவை. கதகதவென்றுதான் இருந்தது.

"இது மிஷின்ல செஞ்சது அண்ணே" என்றேன்.

குரல் வெளியே வரவில்லை போலிருக்கிறது. தாய்மாமன், "என்ன சொல்லுதாவ?" என்றார். இரண்டாம் தடவை தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். குஞ்சத்தைக் காட்டினேன். கைநெசவில் குஞ்சம் தைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். சாயம் ஓடியதைக் காட்டினேன். வகுப்பில் பேசுகிற மாதிரி கோர்வையாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

தாய்மாமன் குனிந்து குஞ்சத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு நாடாவோடு கையில் வந்துவிட்டது. தையல் நூல் தொங்கியது.

"என்ன வே சுபேதார்! எங்க ஊர் பாத்திரக்கடையில சீட்டுப் போட்டா இதுல ஒண்ணு சும்மா குடுக்கான் வே!"

இப்போது சிரித்த சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. பேரனும் சிரித்தான். தாத்தா பக்கம் பார்க்காமல்.

அண்ணன் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தட்டில் வைக்கும்போது கிணுகிணுவென்று சத்தம். "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

எல்லோரும் போன பிறகு அவர் நாற்காலியில், நான் கதவோரம். என்னிடமா தனக்கா தெரியவில்லை, "கெழவன் அழுதுக்கிட்டேல்லா குடுத்தான்" என்றார்.

அப்படியானால் வெள்ளம் நிஜமா? கடையில் வாங்கிக் கதை கட்டினார் என்றல்லவா நினைத்திருந்தேன். கதை கட்டியவன் முகம் அப்படி ஆகாது. தான் காப்பாற்றிய கிழவரே மட்டமான சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று நினைக்கிறார்.

மாத்திரை போட்டேன். கொஞ்சம் கேசரி மிச்சம் இருந்தது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

நல்ல சாரல். குடை இல்லாமல் வெளியே போக முடியாது.

காலை காபிக்கு முன்பே அண்ணன் டேப் கேட்டார். தையல் கத்தரி, சாக்கட்டி. கம்பளத்தைக் கூடத்திலிருந்து வராந்தாவுக்கு இழுத்துப் போட்டிருந்தார். குப்புறக் கிடந்தது, கித்தான் மேலே தெரிய.

"நுனியைப் பிடிலே."

பிடித்தேன். இரண்டடிக்கு இரண்டடியாகக் கோடு போட்டார். ஆறு துண்டு. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் எங்கள் குடும்பத்து வாடகை அறைகள் ஆறு. சீசனுக்கு வருகிறவர்கள் ஈரக் காலோடு ஏறி வருகிறார்கள், கால்மிதி வேண்டும் என்று போன மாதமே அங்கே வேலை பார்க்கும் பேச்சிமுத்து கேட்டிருந்தான்.

மதினி சமையலறை வாசலில் நின்றார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அண்ணனே வெட்டினார். மூச்சு வாங்க வாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஒரு விஷயம். பசை போட்ட மிஷின் கம்பளம் வெட்டினால் காய்ந்த ரொட்டி நொறுங்குகிற மாதிரி மொறமொறப்பாகச் சத்தம் வரும். பொடி உதிரும். வடக்கே எத்தனையோ வெட்டிப் பார்த்திருக்கிறோம். இது அப்படி இல்லை. நூல் நூலாக அறுந்தது. டிக், டிக், டிக். பொடி விழவில்லை.

என் காது முன் போல இல்லை. மழைச் சத்தம் வேறு.

நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறு துண்டும் ஆகும்வரை.

ஜூன் 11, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

அதிசயங்கள்:
1. மத்தியானம் அண்ணன் எனக்காகக் காத்திருந்து சாப்பிட்டார். "தம்பிக்கு மொதல்ல வைடி" என்றார் மதினியிடம். தம்பி!
2. தன் பிரம்பு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எதிரே தரையில் நீள்சதுரமாக ஒரு வெளுப்பு, கம்பளம் கிடந்த இடம்.
3. சாயங்காலம் கோயில் பக்கம் நடக்கப் போகவில்லை. கூட நடக்கிறவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "சுபேதார் மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊருக்குள் இரண்டே நாளில்.

அண்ணனுக்குக் கேட்டிருக்கும். பேப்பரை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். பாதி பொய்.

ஜூன் 12, புதன்

குற்றாலம். புதன்தோறும் என் வேலை: அறைகளின் விரிப்பு, தலையணை உறைகளை எண்ணிச் சலவைக்குப் போடுவது. பஸ்ஸில் கூட்டம். ஐந்தருவியில் தண்ணீர் அதிகமாகி, குளிக்க விடவில்லையாம். எல்லோரும் தலையில் எண்ணெயோடு ரோட்டில் நின்றார்கள்.

ஆறு வாசலிலும் ஆறு துண்டு.

அறைகளைப் பார்த்துக்கொள்கிற பேச்சிமுத்து, "வாங்க சின்னண்ணாச்சி. பெரியண்ணாச்சி போன் போட்டுச் சொல்லுதாவ, வெறுங்காலோட வாறவனைக்கூட செருப்பைப் போட்டுக்கிட்டு மிதிக்கச் சொல்லணுமாம். என்ன கோவமோ!" என்றான்.

மூன்றாம் அறையில் மதுரைக்காரர்கள். ஒருவர் எண்ணெய்க் காலைத் தேய்த்துக்கொண்டே, "ஏய், வந்து இதுல நின்னு பாரு. மெத்து மெத்துன்னு என்ன சொகமா இருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டார். வெள்ளைப் பறவை ஒன்றின் கழுத்தில் அவர் குதிகால்.

அவர்கள் சாப்பிடப் போனதும் அந்தத் துண்டை எடுத்துப் பின்வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். பிளேடால் கித்தான் தையலைப் பிரித்தேன். லென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. ஏன் எடுத்துவந்தேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பார்த்தவை:
அ) பசை இல்லை. ஒரு துளிகூட.
ஆ) முடிச்சுகள். இரண்டு பாவு நூலுக்கு ஒரு முடிச்சு. கையால் போட்டது.
இ) ஓர் அங்குலத்துக்கு 17. இன்னோர் இடத்தில் 16. இன்னோர் இடத்தில் 18. மிஷின் இப்படித் தடுமாறாது.
ஈ) குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரிடத்தில் தொய்ந்து, அடுத்த வரிசையில் இறுகியிருக்கிறது. நெய்தவர் எழுந்து போய் வந்திருப்பார்.
உ) நுனியில் கொஞ்சம் பிய்த்து எரித்தேன். மயிர் கருகும் வாடை. சாம்பல் விரலில் பொடியாயிற்று. சுத்தக் கம்பளி.

முடிவு: கைநெசவு.

பிறகு பேச்சிமுத்துவை டீ வாங்க அனுப்பிவிட்டு ஆறு துண்டையும் வரிசையாகச் சேர்த்துப் போட்டேன். சாயம் ஓடியது கீழ்ப்பாதியில் மட்டும். அது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, அது எங்கே நிற்கிறது என்பது. ஒரே வரிசையில் நிற்கிறது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஸ்கேல் வைத்த மாதிரி. அந்த வரிசைக்குக் கீழே உள்ள பறவைகளின் வயிறெல்லாம் வெளிர் சிவப்பு. மேலே உள்ள பறவைகள் சுத்த வெள்ளை. ஒன்றுகூட நனையவில்லை.

கீழ்ப்பாதி நெய்து தறியில் இருந்தபோது வெள்ளம் வந்திருக்கிறது. மேல்பாதி பிறகு நெய்தது.

அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம். கழுத்தளவு தண்ணீர். திரும்பப் போனது. தோள்பட்டை.

பேச்சிமுத்து டீயோடு வரும் சத்தம். எழுந்தேன். பிரித்த கித்தானை ஊசி வாங்கித் தைத்தேன். ஆறு துண்டையும் அந்தந்த அறை வாசலில் திரும்பப் போட்டேன். எண் மாறாமல்.

விரிப்பு 12, உறை 12. சரி.

ஜூன் 13, வியாழன்

வெயில். இரவெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தேன். "அண்ணே, நான் சொன்னது தப்பு." ஐந்து சொல்கூட இல்லை.

குஞ்சம் மட்டும் விளங்கவில்லை. அண்ணன் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம், மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கேட்டேன்.

கை நிற்கவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

"நாந்தான் தச்சேன் கொழுந்தனாரே. அவிய குடுத்துட்டு அஸ்ஸாமுக்குப் போயிட்டாவ. பரண்ல போட்டேன். எலி குஞ்சத்தைப் பூரா தின்னுட்டு, அடியிலயும் ரெண்டு எடத்துல கடிச்சு வச்சிட்டு. நான் செத்தேன்னு நெனச்சேன். செங்கோட்டைக்குப் போயி ஜன்னல் திரைக்குப் போடுத குஞ்சம் வாங்கியாந்து தச்சேன். அடியில கித்தானைக் குடுத்து மூடுனேன். ரெண்டு வருசம் கழிச்சு வந்தாவ. மேல பாத்தாவ. அடியைப் பாக்கலை."

"அன்னைக்கு நான் சொன்னப்போ உங்களுக்குத் தெரியுமே மதினி. ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"பிறகு?"

"அவிய முகத்தைப் பாத்தேன்." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்கள். "அம்பத்தஞ்சு வருசமா இந்த வீட்டுல அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்லை. நல்லா இருந்துச்சு."

சிதறிய காம்புகளைப் பொறுக்கினேன்.

"நீங்க இப்பம் போயி உண்மையைச் சொன்னா, தச்சது யாருன்னு கேப்பாவ. இந்த வயசுல என்னை அடி வாங்க வைக்கணுமா? உங்களையுந்தான் விடுவாவளா? வெட்டும்போது நுனியைப் பிடிச்சது நீங்கதானே."

நான் பிடித்தது அவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு அப்பளம். அண்ணனுக்கு ஒன்று.

ஜூன் 15, சனி

ஆனி பிறந்தது. காற்று பலமாக. பக்கத்து வீட்டு முருங்கை முறிந்தது.

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதல்ல.

கண் டாக்டர் அண்ணனுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். இன்று மறுபடி போகத் துணைக்கு அண்ணன் என்னை வரச் சொன்னார். என்னை! கையை நீட்டி, "பிடிச்சுக்கோ தம்பி" என்று படியிறங்கினார். அந்தக் கை இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

தின்பண்டம் வாங்கினார். ஓமப்பொடி. ஆட்டோவில் எனக்கும் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். அப்போது கேட்டார்:

"நீ படிச்சவன். சொல்லு. கெழவன் தெரிஞ்சே குடுத்தானா, இல்ல அவனையே எவனாச்சும் ஏமாத்திக் குடுத்துட்டானா?"

வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கு நுனியில். ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று கணக்கு வைத்தேன். தாண்டியது. ரயில்வே கேட். தாண்டியது.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி. வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்ததும் இப்படித்தான்.

"நெசவுக்காரனுக்குத் தெரியாம இருக்காது அண்ணே. தெரிஞ்சுதான் குடுத்திருப்பான்."

தலையாட்டினார். ஓமப்பொடிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏன் சொன்னேன்? "தெரியலை" என்று சொல்லியிருக்கலாம். அது போதும். அதுகூடப் பயந்த மனிதன் சொல்கிற சொல்தான். நான் சொன்னது அது இல்லை.

மாத்திரை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம். பட்டையில் எண்ணினேன். ஒன்றுதான்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். மழை இல்லை, மேகம். கடையநல்லூரிலிருந்து அண்ணனுடைய பழைய கூட்டாளி வீட்டுப் பிரியாணி வந்தது. மதினி தொடவில்லை. நான் கொஞ்சம்.

கா. 11.05. அண்ணனின் செல்போன். திரையில் "ரஷீத் காஷ்மீர்". கிழவரின் மகன் என்று அண்ணன் சொல்வார்; அதையும் நான் நம்பியதில்லை. தகப்பனார் காலமான பிறகும் ஒவ்வொரு பக்ரீத்துக்கும் கூப்பிடுவார். அண்ணன் வராந்தாவில் நடந்துகொண்டே தெருவுக்கே கேட்கும்படி ஹிந்தியில் பேசுவார். இன்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"நீ எடு. நான் செத்துட்டேன்னு சொல்லு."

"அண்ணே..."

"சொல்லுலே."

எடுத்தேன். என் ஹிந்தி வடக்கே ஒரு வருடம் இருந்தபோது படித்தது. துருப்பிடித்தது. ஆனால் அவர் பேசியது எல்லாம் புரிந்தது. ஒரு சொல்லாவது புரியாமல் போயிருக்கலாம்.

ஈத் வாழ்த்து. சாஹிப் நலமா. பேரனுக்குப் பெண் பார்ப்பதாகப் போன தடவை சொன்னாரே, முடிந்ததா. பேரன் கல்யாணத்துக்கு அப்பா நெய்த அதே கம்பளத்தை நெய்து அனுப்ப வேண்டும், என் மகனும் நானும் தறி போட்டாயிற்று. டிசைன் எழுதிய தாள் அந்த வெள்ளத்திலேயே போய்விட்டது; மேல்பாதியை அப்பா மனதில் வைத்தே நெய்தார். அதனால் சாஹிப் வீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா. மேலிருந்து, முழுசாக. ஓரம் வெட்டுப்படாமல்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் எதிரே, என் வாயையே பார்த்தபடி. மதினி சமையலறை வாசலில்.

"ஹலோ? ஹலோ? சாஹிப் இருக்கிறாரா?"

"சாஹிப் இறந்துவிட்டார்" என்றேன். தப்பில்லாமல் வந்தது. இலக்கணம் உட்பட.

பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தம். ஆண் அழுகிற சத்தம். அப்புறம் அவர் யாரையோ கூப்பிட்டார், பல குரல்கள், ஒரு பெண் கதறினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், வெளியே கேட்காமல் இருக்க. நான்தான் வைத்தேன்.

அண்ணன் கேட்டார்:

"அழுதானா?"

"இல்லண்ணே. சரின்னு வச்சிட்டான்."